ஐந்து வரியில் அடங்காத தகுதி

“மக்களவை உறுப்பினராவதற்குரிய தகுதிகள் யாவை?” குடிமையியல் தேர்வில் இந்தக் கேள்வி தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. விடையும் அநேகமாக மாறவில்லை. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அரசில் ஆதாயம் தரும் பதவி வகிக்கக் கூடாது. மனநலம் குன்றியவராகவோ கடனில் நொடித்தவராகவோ இருக்கக் கூடாது. மாநிலங்களவை பற்றிக் கேட்டால் 25ஐ 30 ஆக்கிவிட்டால் போதும். கைடு போடுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான பக்கம் வாய்க்காது.

விடை பெரும்பாலும் சரிதான். ஆனால் இதைப் படித்த மாணவர், சிறையில் இருக்கும் ஒருவர் எம்.பி. ஆகிவிட்டார் என்று செய்தியில் பார்க்கும்போது திகைத்துப்போகிறார். பதவியில் இருந்த எம்.பி. ஒரே நாளில் பதவி இழந்தார் என்றாலும் திகைக்கிறார். சட்டத்தின் வரிகளைத் தந்துவிட்டு அவற்றின் வேலையைச் சொல்லாமல் விட்டதன் விளைவு இது. தகுதி பற்றிய ஒவ்வொரு வரியும் யாரையோ வெளியே நிறுத்துவதற்காக எழுதப்பட்டது. யாரை, எந்தச் சண்டைக்குப் பிறகு, அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யார் கையில் என்ற மூன்று கேள்விகளோடு அணுகினால் இதைவிடச் சுவையான பாடம் குடிமையியலில் வேறில்லை என்பது என் கட்சி.

யார் வெளியே நின்றார்கள் என்பதற்கு நெடிய வரலாறு உண்டு. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளின்படி பெண்கள் சட்டமன்றங்களில் உறுப்பினராக முடியாது. 1926இல்தான் அந்தத் தடை விலகியது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாயா சென்னை மாகாணத்தில் போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சென்னை சட்டமன்றத்துக்குள் சென்றார். வாக்களிக்கவே சொத்தும் வரியும் படிப்பும் கேட்ட காலம் அது. எவரும் வாக்களிக்கலாம், அநேகமாக எவரும் நிற்கலாம் என்று 1950இல் அரசமைப்புச் சட்டம் சொன்னது எவ்வளவு பெரிய தாவல் என்பது இந்தப் பின்னணி இல்லாமல் புரியாது.

அரசியல் நிர்ணய சபையில் இந்தத் தகுதிகள் 1949 மே மாதம் விவாதத்துக்கு வந்தன. மாநிலங்களவைக்கு வரைவில் இருந்த வயது 35. அதை 30ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கறிஞர் துர்காபாய். அறிவு வயதை மட்டும் சார்ந்ததில்லை என்பது அவருடைய வாதம். திருத்தம் ஏற்கப்பட்டது. கடைசியில் 84ஆவது கூறில் மிஞ்சியது மெலிந்த பட்டியல்தான்: குடியுரிமை, வயது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிச் சேர்க்கும் மற்றவை. ‘மற்றவை’ என்று கதவைத் திறந்துவைத்ததைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய மூன்றோடு பட்டியல் மூடப்பட்டுவிட்டது. நான்காவது தகுதி ஒன்றை அவை தன் விருப்பப்படி சேர்க்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969இல் பாவெல் வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தித் திருத்தி நாடாளுமன்றம் தன் வாசலைத் தானே அகட்டவும் குறுக்கவும் முடிகிறது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் மாணவர்கள் முதலில் கேட்பார்கள். “அலுவலக உதவியாளர் வேலைக்கே படிப்பு கேட்கிறார்கள், சட்டம் எழுதுகிறவருக்குப் படிப்பு வேண்டாமா?” இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத்தே 1949 நவம்பர் 26 அன்று ஆற்றிய நிறைவுரையில் இதே மனக்குறையைச் சொன்னார். சட்டத்தை நிர்வகிப்பவர்களுக்கு உயர்ந்த தகுதி கேட்கிறோம், இயற்றுபவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தவிர எதையும் கேட்கவில்லையே என்று வருந்தினார்.

எதிர்த்தரப்பு வாதத்துக்கு 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் போதும். நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. பெண்களிடம் 9 சதவீதத்துக்கும் கீழ். பட்டம் வேண்டும் என்று அன்று எழுதியிருந்தால் நாட்டின் பெரும்பகுதியை நோக்கி, ‘நீ வாக்குப் போடலாம், உள்ளே வரக்கூடாது’ என்று சொன்னதாக ஆகியிருக்கும். தமிழ்நாட்டு வகுப்பறையில் இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது. சிறுவயதிலேயே பள்ளியை விட்ட காமராசர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். பத்தாம் வகுப்பு கட்டாயம் என்றிருந்தால் தமிழ்நாட்டில் பள்ளிகளைப் பெருக்கியவர் அவை வாசலிலேயே நின்றிருப்பார்.

இது பழங்கதை இல்லை. 2015இல் அரியானா அரசு ஊராட்சித் தேர்தலில் நிற்பவர்களுக்குக் கல்வித் தகுதி விதித்தது. பொதுவாகப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு. வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண பாக்கி இருக்கக் கூடாது என்பவையும் அதில் சேர்ந்தன. ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் அதைச் செல்லும் என்றது. ராஜஸ்தானும் இதேபோலச் சட்டம் செய்தது, பிறகு 2019இல் கைவிட்டது. ஊராட்சித் தலைவருக்குக் கேட்கப்படும் படிப்பு எம்.பி.க்குக் கேட்கப்படாதது ஏன் என்று வகுப்பைக் கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா இருக்கலாம். வாதம் தானாக நடக்கும். விதி எழுதும் இடத்தில் இருப்பவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் கடுமையாக எழுதுவார்கள் என்பதை யாராவது ஒரு மாணவி கண்டுபிடித்துவிடுவாள்.

பட்டியலில் இருந்தும் பாடத்தில் அநேகமாக விடுபட்டுப்போகும் வரி ஒன்று உண்டு. வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழி. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு, ஏனென்றால் இந்த வரி நம் அரசியலால்தான் அரசமைப்புக்குள் வந்தது.

1950இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது முதல் தகுதி குடியுரிமை மட்டுமே. தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அவையில் உறுதிமொழி எடுத்தால் போதும். 1962 தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பிடித்தது. மாநிலங்களவைக்குச் சென்ற அண்ணா தம் முதல் உரையிலேயே திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்துவைத்தார். அதே ஆண்டு சீனப் போர் வந்தது. சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழு, பிரிவினை கோருபவர்களைத் தேர்தல் களத்திலிருந்தே விலக்கும் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. 1963 அக்டோபரில் பதினாறாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு, இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காத ஒருவர் எம்.பி. ஆவது இருக்கட்டும், வேட்பாளராகவே முடியாது. பேச்சுரிமை தரும் 19ஆவது கூறிலும் அதே திருத்தம் அதே காரணத்தைச் சொல்லிக் கட்டுப்பாட்டுக்கு வழி செய்தது.

மசோதாவை அவையில் எதிர்த்துப் பேசிய அண்ணாவும் கட்சியும் அந்த ஆண்டே கோரிக்கையைக் கைவிட்டார்கள். 1967இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, மக்களவைக்கும் 25 பேரை அனுப்பியது. கோரிக்கையைக் கைவிட்டது சரணாகதியா, சாமர்த்தியமா என்று இன்றைக்கும் பேச ஆட்கள் இருக்கிறார்கள். பாடத்துக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பில்லை. தகுதி விதி என்பது எவ்வளவு அரசியலான கருவி, ஒரு கட்சியின் கொள்கையையே அதனால் திருப்ப முடிந்தது என்பதுதான்.

கடலுக்கு அப்பால் இதே மாதிரி விதி வேறுவிதமாக முடிந்தது. 1983 ஜூலையில் தமிழர்கள் படுகொலை செய்யப்பட்ட வன்முறைக்குப் பிறகு, ஆகஸ்டில், இலங்கை நாடாளுமன்றம் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து 1977 தேர்தலில் வென்றிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அதை எடுக்க மறுத்து, அவைக்குச் செல்லாமல் இடங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அதில் அடக்கம். தமிழ் வாக்காளர்களின் பேராளர்கள் அவைக்கு வெளியே போனார்கள். பேச்சு ஆயுதம் ஏந்தியவர்களின் கைக்குப் போனது. போருக்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு, 1963இல் தி.மு.க.வுக்குத் திரும்ப வழி இருந்தது எப்படி, 1983இல் இல்லாமல் போனது எப்படி என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பல விடைகள் உண்டு. விதி வந்தது படுகொலைக்கு முன்பா பின்பா என்பதும் அவற்றில் ஒன்று.

குடியுரிமை வரியையும் இதே போலத் தொட்டுவிட்டு நகரலாம். இந்தியாவில் பிறப்பால் குடியுரிமை பெற்றவருக்கும் பதிவால் பெற்றவருக்கும் வேட்புமனுவில் வேறுபாடு இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பி ஏற்றால் தகுதி போய்விடும். ஆஸ்திரேலியாவில் விரும்பி ஏற்காத குடியுரிமையும் தடையாகலாம்: 2017இல் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் உட்படப் பலர் பதவி இழந்தார்கள். தந்தை நியூசிலாந்தில் பிறந்தவர் என்பதால் அந்நாட்டுக் குடியுரிமை ஜாய்ஸுக்குத் தானாகவே ஒட்டியிருந்தது. இலங்கையோ இரட்டைக் குடியுரிமைக்காரர்களை 2015இல் விலக்கி, 2020இல் அனுமதித்து, 2022இல் மறுபடி விலக்கியது. ஆட்சி மாறும்போதெல்லாம் தகுதியும் மாறியது என்பதற்கு மேல் அதில் விளக்க எதுவுமில்லை.

வயதில் மாணவர்களுக்குத் தனி அக்கறை இருக்கும். 1989 முதல் 18 வயதில் வாக்களிக்கலாம்; நிற்பதற்கு மட்டும் இன்னும் 25. பிரிட்டன் 2006இல் சட்டம் இயற்றி நிற்கும் வயதையும் 18 ஆக்கியது. இங்கே நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 2023 ஆகஸ்டில் மக்களவைக்கான வயதை 18ஆகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையம் அதற்கு இசையவில்லை. அந்த ஏழு ஆண்டு இடைவெளிக்கு இன்று என்ன நியாயம் என்று நானும் தேடிப் பார்த்ததில் வலுவான காரணம் அகப்படவில்லை. 25 வயது நிரம்பிய கையோடு 2024இல் கௌசாம்பியில் நின்று வென்றார் புஷ்பேந்திர சரோஜ். நாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

வயதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 25 எந்த நாளில் நிரம்பியிருக்க வேண்டும்? வாக்குப்பதிவன்றா, பதவியேற்கும் அன்றா? இரண்டும் இல்லை. வேட்புமனு பரிசீலனை நாளில். உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் சுவார் தொகுதிக்கு 2017இல் தேர்வான அப்துல்லா ஆசம் கான் வழக்கு இதற்கு நல்ல பாடம். பள்ளிச் சான்றிதழ் ஒரு பிறந்த ஆண்டையும், பிற்காலத்தில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ் வேறோர் ஆண்டையும் சொன்னது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் பள்ளிச் சான்றிதழை நம்பி அவருடைய தேர்தலைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் 2022இல் அதை உறுதி செய்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதியைச் சரிபார்க்கச் சொல்லி நச்சரிக்கும் வகுப்பாசிரியருக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

வாக்காளர் பட்டியல் வரி பார்க்க அப்பாவியாகத் தெரியும். மக்களவைக்கு நிற்பவர் நாட்டில் எந்தத் தொகுதியிலும் வாக்காளராக இருக்கலாம். மாநிலங்களவைக்கு 2003 வரை அந்தந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டியிருந்தது. டெல்லியில் வாழ்ந்த மன்மோகன் சிங் 1991இல் அசாமிலிருந்து தேர்வாக, அங்கே ஒரு முகவரியில் வாக்காளரானார். 2003இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார், 2006இல் தோற்றார். ‘மாநிலங்களின் அவை’ என்று பெயர் வைத்துக்கொண்டு மாநிலத்தோடு ஒட்டுறவே வேண்டாம் என்றால் அந்த அவை எதற்கு என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் எனக்கு மனநிறைவான பதில் இல்லை.

ஆதாயம் தரும் பதவி என்றால் என்ன என்று விளக்க ஆசிரியர் வெளியே தேட வேண்டியதில்லை. அரசுப் பள்ளியாக இருந்தால் அவரேதான் உதாரணம். அரசு நியமித்து, அரசு சம்பளம் கொடுத்து, அரசே நீக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் அவர். வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் நிற்க முடியும். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கதை சிக்கலாகிவிடும். யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், யார் சம்பளம் தருகிறார், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார் என்று நீதிமன்றம் ஒவ்வொன்றாகப் பார்க்கும். அரசிடம் பிழைப்புக்காகக் கைகட்டி நிற்பவர் அவையில் அரசைத் தட்டிக் கேட்க மாட்டார் என்ற அச்சம்தான் இதன் வேர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மன்னரோடு மல்லுக்கட்டிய காலத்து விதி இது.

2006இல் இந்த வரி டெல்லியையே உலுக்கியது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்ததற்காக ஜெயா பச்சன் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். ஒரு பைசா வாங்கவில்லை என்றார் அவர். வாங்கினாரா என்பது பேச்சில்லை, அந்தப் பதவியில் வாங்க இடமிருந்ததா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். ஜெயா பச்சன் பதவி இழந்த சில நாட்களிலேயே, தேசிய ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த சோனியா காந்தி எம்.பி. பதவியைத் துறந்து, ரேபரேலியில் மறுபடி நின்று ஜெயித்து வந்தார். கலங்கிப்போன உறுப்பினர்கள், பல பதவிகளுக்கு விலக்களித்து, அதை முன்தேதியிட்டு மசோதா நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அவர்கள் மாற்றாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்ப, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். அரசமைப்புப்படி அவருக்கு வேறு வழி இல்லை. குடியரசுத் தலைவரின் அதிகாரத்தையும் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லித்தர இந்த ஒரு நிகழ்வே போதும்.

மனநலம், கடன் ஆகிய இரண்டு வரிகளிலும் சுருக்கி எழுதும்போது விழுந்துவிடுவது நீதிமன்றம். சட்டம் சொல்வது, உரிய நீதிமன்றம் மனநலம் குன்றியவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே. மருத்துவரிடம் மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்குகிறவர் எவரும் தகுதி இழப்பதில்லை. கடனும் அப்படித்தான். வங்கியிலும் நகைக்கடனிலும் சிக்கியவர்கள் தாராளமாக நிற்கலாம். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்து, அதிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாதவரைத்தான் சட்டம் விலக்குகிறது. வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் கடன் இருக்கும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் போவது நல்லதில்லை.

இனி, மாணவர்கள் ஆவலோடு காத்திருக்கும் பகுதி. குற்றவாளி எம்.பி. ஆகலாமா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவு குற்றங்களை முக்கியமாக இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சில குற்றங்களுக்கு அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும் ஆறு ஆண்டுகள் நிற்க முடியாது; தீண்டாமைக் குற்றம் அவற்றில் ஒன்று. இதைத் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் உரக்கவே சொல்லலாம். மற்றபடி எந்தக் குற்றமானாலும் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை கிடைத்தால், தண்டனைக் காலமும் விடுதலையான பின் ஆறு ஆண்டுகளும் தடை. பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் பழைய சட்டம் ஒரு சலுகை வைத்திருந்தது: மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவி தப்பும். 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை நீக்கியது. நிற்பவருக்கு ஒரு சட்டம், இருப்பவருக்கு ஒரு சட்டம் என்று எழுத நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது. அந்த ஆண்டே ரஷீத் மசூதும் லாலு பிரசாத்தும் பதவி இழந்தார்கள்.

தீர்ப்பைச் செல்லாததாக்க அன்றைய அரசு அவசரச் சட்டம் தயாரித்தது. அதைக் கிழித்தெறிய வேண்டும் என்று ராகுல் காந்தி பொதுவெளியில் பேச, அரசு பின்வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2023 மார்ச் 23இல் அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தது. மறுநாளே பதவி போனது. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுதான். ஒரு நாள் குறைந்திருந்தாலும் தகுதி நீக்கம் வந்திருக்காது, அதிகபட்சம் ஏன் என்று விசாரணை நீதிபதி காரணம் சொல்லவில்லை என்று சுட்டிக்காட்டி, உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 4இல் குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைத்தது. மூன்றாம் நாள் பதவி திரும்பியது. அவர் கட்சியைப் பிடிக்கும், பிடிக்காது என்பதைத் தாண்டி இங்கே கேட்க வேண்டியது வேறு: ஒரு தொகுதியின் லட்சக்கணக்கான வாக்குகளை ஒரு விசாரணை நீதிமன்றம் ஒரு நாள் கணக்கில் கலைத்துவிட முடியுமா? முடியும், அதுதான் சட்டம். சரியா என்பது வகுப்பின் வேலை.

தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு 2001இலேயே கற்றது. டான்சி ஊழல் வழக்கில் தண்டனை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டு, குற்றவாளி என்ற தீர்ப்பு நீடித்திருந்த ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன; தேர்தலில் நிற்காமலே முதல்வரானார். உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாமே என்பது அவர் தரப்பு வாதம். உறுப்பினராகவே தகுதியற்றவருக்கு அந்த ஆறு மாதமும் கிடையாது என்று செப்டம்பர் 21இல் அரசமைப்பு அமர்வு பதவியிறக்கியது. நாடாளுமன்றத்துக்கும் மத்திய அமைச்சரவைக்கும் இதே தர்க்கம்தான். எதிர்த்திசையில் சிக்கிமைக் காட்டலாம். ஊழல் வழக்கில் தண்டனை முடித்து 2018இல் வெளிவந்த பிரேம் சிங் தமாங் மறு ஆண்டு முதல்வரானார். ஆறு ஆண்டுத் தடையைத் தேர்தல் ஆணையம் ஓராண்டு ஒரு மாதமாகக் குறைத்துக்கொடுத்தது. ஆணையத்துக்கு அப்படி ஓர் அதிகாரம் 11ஆவது பிரிவில் இருப்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் மாணவர்களை அதிகம் குழப்புவது சிறைவாசம். தடுப்புக் காவல் தவிர, காவலில் இருப்பவர் வாக்களிக்க முடியாது. ஆனால், தண்டிக்கப்படாதவரை, போட்டியிடலாம். 1977இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தே முசாபர்பூரில் வென்றார். 2024இல் அம்ரித்பால் சிங்கும் இன்ஜினியர் ரஷீத்தும் அதே போல வென்று, காவலோடு வந்து உறுதிமொழி எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். சிறையில் இருப்பவர் நிற்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லத்தான் செய்தது, அதுவும் லில்லி தாமஸ் தீர்ப்பு வந்த அதே நாளில். நாடாளுமன்றம் உடனே சட்டத்தைத் திருத்தி அதை முறியடித்தது. சுயநலம் என்று மாணவர்கள் சொல்வார்கள். பிடிக்காதவரை வேட்புமனு நாளன்று கைது செய்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் யோசிப்பார்கள். நெருக்கடி நிலையை மறக்காதவர்களுக்கு அந்த அச்சம் கற்பனை இல்லை.

இவ்வளவு நேரம் பேசியதில் எத்தனை பேர் முடிவெடுத்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். மனுவை ஏற்பதும் தள்ளுவதும் தேர்தல் நடத்தும் அலுவலர். முடிவு வந்து 45 நாளுக்குள் வழக்குப் போட்டால் உயர் நீதிமன்றம். ஆதாயப் பதவி என்றால் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டுக் குடியரசுத் தலைவர். கட்சி தாவினால், 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, அவைத் தலைவர். இந்தக் கடைசி ஏற்பாடுதான் மிகப் பலவீனமானது. ஒரு கட்சியின் சின்னத்தில் வென்று வந்தவரே தகுதி நீக்கத்துக்கு நீதிபதி. 1992இல் அவருடைய முடிவையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று ஆனது. ஆனால் முடிவெடுக்காமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பது இன்றும் தீராத தலைவலி.

சட்டத்தில் எழுதாத தகுதி பணம். 1996இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். கோரிக்கைகளைக் கவனிக்காத அரசுக்கு விவசாயிகள் காட்டிய எதிர்ப்பு அது. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது. அந்த ஆண்டே மக்களவைக்கான டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆக ஏறியது. இப்போது 25,000, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் போய்விடும். பெரிய மாநிலங்களில் செலவுக்கு உச்சவரம்பு 95 லட்சம். அந்த வரம்புக்குள் யாராவது நிற்கிறார்களா என்று தேநீர்க் கடையில் கேட்டாலே பதில் கிடைக்கும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 2024இல் வென்றவர்களின் பிரமாணப் பத்திரங்களைக் கணக்கிட்டதில் 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள். 251 பேர் மீது வழக்குகள் நிலுவையில் இருந்தன. வழக்கு என்பது குற்றம் ஆகாது என்பதையும் அதே மூச்சில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தப் பிரமாணப் பத்திரம்தான், என்னைக் கேட்டால், இந்தப் பாடத்துக்கான மெய்யான பாடநூல். படிவம் 26 என்பார்கள். 2002, 2003 தீர்ப்புகளால் கட்டாயமானது. வேட்பாளரின் படிப்பு, வழக்குகள், சொத்து, கடன், நகை, வாகனம் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். படிப்பை அரசமைப்பு தகுதியாக வைக்கவில்லை, ஆனால் வாக்காளர் அறிந்துகொள்ளும் விஷயமாக வைத்திருக்கிறது. சட்டம் கதவை அகலத் திறந்துவிட்டுச் சோதனையை வாக்காளரிடம் ஒப்படைத்திருக்கிறது. இந்த நுட்பத்தைத் தன் ஊர் எம்.பி.யின் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

ஆசிரியர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. கட்சிப் பெயர் வகுப்பில் வந்தால் பெற்றோர் வருவார்கள், அதிகாரி வருவார். இத்தனைக்கும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இரவு முழுக்க விழித்திருந்து, பெட்டிக்கு முத்திரை வைத்து அனுப்புகிறவர்களும் இவர்களே. தேர்தலை நடத்தத் தெரிந்தவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசப் பயப்படும் விசித்திரம் இது. பயத்தைத் தணிக்க எளிய வழி, எல்லாக் கட்சிக்காரர்களின் வழக்குகளையும் கலந்து எடுப்பது. மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் அதற்குப் பஞ்சமே இல்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு அரசியல் நூல் வேட்பாளருக்குக் கல்வித் தகுதி வேண்டுமா என்ற விவாதத்தையே பாடத்துக்குள் வைத்தது. அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் ஆகும்.

நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966 முதல் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டிகளை நடத்திவருகிறது. கேள்வி நேரம், உறுதிமொழி, வெளிநடப்பு என்று பிள்ளைகள் நன்றாகவே நடிக்கிறார்கள். எல்லாரும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அதிலுள்ள குறை. அதற்கு முந்தைய காட்சியான வேட்புமனு பரிசீலனையை நடத்திப் பார்க்கலாம். ஒரு மாணவி தேர்தல் நடத்தும் அலுவலர். ஆறு பேர் வேட்பாளர்கள். ஒருவருக்குப் பரிசீலனைக்கு மறுநாள் 25 நிரம்புகிறது. ஒருவர் விசாரணைக் கைதி, சிறைக் கண்காணிப்பாளர் முன் உறுதிமொழி எடுத்திருக்கிறார். ஒருவருக்கு ஒன்றரை ஆண்டுத் தண்டனை. ஒருவர் கல்விக்கடனைக் கட்டவில்லை. ஒருவர் தந்தை பெயரில் எழுத்துப் பிழையோடு மனு கொடுத்திருக்கிறார். சிறு பிழைகளுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. எது சிறு பிழை என்று சொல்வதில்லை. கடைசியாக, நேற்று ராஜினாமாக் கடிதம் கொடுத்து, ஏற்பு உத்தரவு இன்னும் கைக்கு வராத அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் வரிசையில் நிறுத்தலாம். எதிர் வேட்பாளர்கள் ஆட்சேபிக்கலாம், பதில் சொல்லலாம். மனுவை ஏற்றால் ஏற்றதாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். தள்ளினால் காரணத்தைச் சுருக்கமாகவாவது எழுத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த மாணவி காரணம் எழுதி முடிக்கட்டும். தள்ளப்பட்டவர் அதைப் படித்துவிட்டு உயர் நீதிமன்றத்துக்கு எழுதும் மனுவை மறுநாள் வகுப்பில் வாசிக்கட்டும்.